ஐந்து வயது அக்காவும் ஒன்றரை வயது தம்பியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடொன்றில் இருக்கும் ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. தம்பி நடக்கத் தொடங்கியதிலிருந்து அக்காவின் குணமே மாறிவிட்டதாம். தள்ளிவிடுகிறாள், கையில் இருப்பதைப் பிடுங்குகிறாள், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்துவிட்டது. கணவருக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்க வேண்டும், பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. மாமியாரும் கூட இருக்கிறார். “இவ பொறாமை பிடிச்ச பிள்ளையா வளர்ந்திடுவாளோன்னு பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்கு இவளை மட்டும் கோலகங்சார்ல எங்கம்மா வீட்டுல விட்டு வைக்கலாமா?” என்று கேட்கிறார்.

பாலர் பள்ளியிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். தங்கச்சி, உங்கள் மகளிடம் எந்தக் கோளாறும் இல்லை. ஐந்து வயதில் ஒருத்தி, ஒன்றரை வயதில் ஒருவன், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஏறக்குறைய ஒரே ஆளாக நீங்கள், இவ்வளவு பேர் மட்டும் காலையிலிருந்து இரவுவரை பூட்டிய கேட்டுக்குள் இருந்தால் எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். அவளுக்கு விளையாட அவன்தான், அவனுக்கு அவள்தான் என்று ஆகிவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

நம் அம்மாக்கள் காலத்து ரப்பர் தோட்டத்தில் இப்படி இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, ஓட வேண்டிய தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். அங்கே உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில் தொங்கும். நடக்கிற பிள்ளைகள் லயத்து வாசலில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால், கிடப்பார்கள். ஐந்து வயதுக்காரிக்கு அவள் வயதிலேயே நாலைந்து கூட்டாளிகள், தம்பிக்கு அவன் வயதில் ஒரு கும்பல். கூடப்பிறந்தவர்கள் பகலில் ஒருவரையொருவர் பார்ப்பதே குறைவு. சண்டை அப்போதும் இருந்தது. ஆனால் அது லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பங்காகிப் போனது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி இருந்தும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்பட்ட மூத்த பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பெரியம்மாவோ அத்தையோ இருப்பார், விசாரித்துப் பாருங்கள். பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் வந்தது. நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அதையும் மீறி ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது, லயங்கள் காலியாயின, நாம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தோம். கூட்டாளிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மூத்த பெண்ணிடம் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்: “நீதானே பெரியவ, விட்டுக்குடு.”

இந்த வாக்கியத்தைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறேன். ஐந்து வயது என்பது பெரிய வயது இல்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை பக்கத்தில் நிற்பதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். மூன்றரை வயதுவரை அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் பிள்ளை. திடீரென்று பெரியவளாக்கிவிட்டோம். பெரியவள் என்றால் என்ன கிடைக்கும் என்று அவள் கணக்குப் பார்க்கிறாள். கையில் இருந்தது போகிறது, மடி போகிறது, அழுதால் திட்டு விழுகிறது. தம்பியோ வேறொன்றைக் கற்றுக்கொள்கிறான்: கத்தினால் கிடைக்கும். இரண்டுமே அவர்களுக்கு நல்லதில்லை. நாலைந்து வருடம் கழித்து உங்களுக்கும் நல்லதில்லை.

மணி ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அடுப்படியில் குழம்புக்குத் தாளிக்கிறீர்கள். மகள் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து ஒரு வீடு வரைந்து, கூரைக்குச் சிவப்புத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். தம்பி தத்தித் தத்தி வந்து அந்தச் சிவப்புக் கலர் பென்சிலையே பிடுங்கி வாயில் வைக்கிறான். டப்பாவில் வேறு கலர்கள் கிடக்கின்றன. அவனுக்கு அக்கா கையில் இருந்ததுதான் வேண்டும். அவள் இழுக்கிறாள், அவன் மல்லாந்து விழுகிறான், வீடே அலறுகிறது. கரண்டியோடு ஓடி வரும் உங்கள் கண்ணில் படுவது கடைசிக் காட்சி மட்டும்தான்: தரையில் தம்பி, கையில் பென்சிலோடு அக்கா. உள்ளே தூங்குகிறவர் எழுந்துவிடுவாரே என்ற பதற்றம் வேறு. “நீதானே பெரியவ!” தானாக வாயில் வந்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். முதலில் அவனைத் தூக்கி அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்து, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். “சிவப்பு உன் கையில இருந்துச்சு. தம்பி எடுத்துட்டான், உனக்குக் கோவம் வந்துச்சு. தள்ளினா அவன் மண்டையில அடிபடும். அடுத்த தடவை அம்மாவைக் கூப்பிடு, நான் வாங்கித் தர்றேன்.” சொல்லிவிட்டு அந்தச் சிவப்பு பென்சிலை அவளிடமே திருப்பிக் கொடுங்கள். பல தாய்மார் பேச்சோடு நிறுத்திக்கொண்டு பென்சிலைத் தம்பியிடமே விட்டுவிடுகிறார்கள், அவன் அழுகை நிற்கிறதே என்று. அங்கேதான் எல்லாம் வீணாகிறது. கூப்பிட்டால் அம்மா வருவார், என் பொருள் எனக்கு வரும் என்று அவள் நம்பினால்தான் அவள் கை தள்ளுவதை விடும். முதல் சில நாட்கள் ஓயாமல் “அம்மா, அம்மா” என்று கத்துவாள். போங்கள். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்தாலும் பரவாயில்லை.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஹில்டி ராஸ் இரண்டு, நான்கு வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதையே ஆராய்ந்தார். பொருளுக்காக வரும் சண்டைகளில், இது யாருடையது என்ற நியாயத்தைப் பிள்ளைகள்தான் உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோர் ஒருநாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் தீர்ப்புச் சொன்னார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான். ஆகவே ஆளுக்கொரு இடம் ஒதுக்குங்கள். காலியான பெரிய மைலோ டின் போதும். மகளுடைய டின்னில் இருப்பதை அவள் அனுமதி இல்லாமல் தம்பி மட்டுமல்ல, நீங்களும் எடுக்கக்கூடாது. பந்து, பிளாஸ்டிக் கட்டைகள் மாதிரிப் பொதுவானவற்றை வெளியே வையுங்கள். அவள் வரைவதைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றுங்கள், தம்பிக்கு எட்டாது. பங்கு போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் தனக்கென்று ஒன்று இருக்கிற பிள்ளைக்குத்தான் பங்கு கொடுக்க வரும்.

ராஸும் அவருடன் இருந்தவர்களும் பிறகு பெற்றோருக்கு வேறொன்றும் பழக்கிப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஆள் தன் பக்கத்தைச் சொல்லவிட்டு, வழியையும் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வது. நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அது ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. உங்கள் மகனுக்கு இன்னும் பேச்சே வரவில்லை. சில வருடம் கழித்துப் பார்க்கலாம்.

இப்போதே செய்யக்கூடியது வேறொன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஜூடி டன் என்ற உளவியலாளர், கேரல் கெண்ட்ரிக்குடன் சேர்ந்து 40 குடும்பங்களில் இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கவனித்தார். 1982இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிறந்த குழந்தையைப் பற்றி மூத்த பிள்ளையிடம், அதற்கும் ஆசை, பசி, பயம் உண்டு என்கிற மாதிரிப் பேசி, மூத்த பிள்ளையின் கருத்தையும் கேட்ட தாய்மாரின் வீடுகளில், ஒரு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒட்டுதலாக இருந்தார்கள். இதற்குப் பணம் வேண்டாம், நேரமும் வேண்டாம். “தம்பி அழுறானே, பசியா தூக்கமா, உனக்கு என்ன தோணுது?” என்று அவளைக் கேளுங்கள். அவள் “தூக்கம்” என்றால் தொட்டிலில் போட்டுப் பாருங்கள். அவள் சொன்னது சரியாக இருந்தால், “அக்கா சரியாச் சொல்லிட்டா” என்று அவள் காதில் விழும்படி மாமியாரிடம் சொல்லுங்கள். எதுவும் பெறாமல் பெரியவளாக இருக்கச் சொன்னோமே, அதற்குக் கொஞ்சம் மரியாதையாவது கிடைக்கட்டும். ஆனால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை இல்லை. நீங்கள் குளிக்கப் போகும்போது “தம்பியப் பாத்துக்கோ” என்று விட்டுப்போவதும் வேண்டாம். அவளால் முடியாது, ஆபத்தும்கூட.

கணவரின் இரவு ஷிஃப்ட் வாரத்துக்கு வருகிறேன். உங்கள் சிக்கலில் பாதி அங்கே இருக்கிறது. “சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு” என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வீடே சிறையாகிவிடும், அப்பா என்றாலே எரிச்சல் வரும். நம் பக்கம் விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். ஏழரைக்குப் பசியாற வைத்து எட்டு மணிக்கெல்லாம் இரண்டு பேரையும் வெளியே கிளப்புங்கள். வெயில் ஏறுவதற்குள் தாமான் திடலோ, மார்க்கெட்டோ, கோயிலோ, எதுவானாலும் சரி. கணவருக்குத் தூக்கம் ஆழ்ந்துபோக அந்த இரண்டு மணி நேரம் பெரிய உதவி. திரும்பி வந்து குளிக்க வைத்துச் சோறு கொடுத்தால் தம்பி கண்ணயர்ந்துவிடுவான். அந்த நேரத்தில் துணி துவைக்கத்தான் மனம் ஓடும். முதல் கால் மணி நேரத்தை மட்டும் மகளுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் வாளியைத் தூக்குங்கள். என்ன விளையாடுவது என்று அவள் முடிவு செய்யட்டும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். தினமும் அதே நேரம் வரும் என்று தெரிந்தால், காலையிலிருந்து உங்கள் முந்தானையை இழுப்பது தானாகக் குறையும்.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரைதான் எல்லா வீட்டிலும் போர்க்களம். எல்லாருக்கும் களைப்பு, பசி, புழுக்கம். முடிந்தால் சமையலைப் பகலிலேயே முடித்துவிட்டு அந்த நேரத்தில் மறுபடி திடலுக்குப் போங்கள். அங்கே முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: ஐந்து வயதுப் பிள்ளை உள்ள இன்னொரு குடும்பத்தைக் கண்டுபிடிப்பது. வாரத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில், ஒருநாள் உங்கள் மகள் அங்கே. இன்னொரு பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பது கூடுதல் வேலை மாதிரித் தெரியும். அனுபவத்தில் சொல்கிறேன், ஐந்து வயதில் இரண்டு பேர் இருந்தால் ஒருத்தி இருப்பதைவிட வேலை குறைவு. சீனக் குடும்பமோ மலாய்க் குடும்பமோ, யாராக இருந்தாலென்ன, பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடையே இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் உள்ள அரசாங்கப் பாலர் வகுப்பில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். இன்னும் சேர்க்கவில்லையென்றால் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதல் வாரம் தம்பியை மாமியாரிடம் விட்டுவிட்டு நீங்களே கொண்டுபோய் விடுங்கள். தம்பி அம்மாவோடு வீட்டில் இருக்க, என்னை மட்டும் வெளியே தள்ளிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றக்கூடாது.

பள்ளிக்குப் போவதைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒருவனை நிறுத்தி, பின்னால் ஒருத்தியை உட்காரவைத்துக் கொண்டுபோவது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. ஓட்டுபவர் போக மோட்டாரில் ஒருவருக்குத்தான் சட்டத்தில் இடம். ஒன்றரை வயதுத் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசம் கிடைப்பதும் அரிது. தயவுசெய்து வேண்டாம். கார் இருந்தால் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம்.

படுக்கை நனைப்பதற்குத் திட்டவே கூடாது, பிறர் முன்னால் சொல்லவும் கூடாது. தம்பி வந்த பிறகு மூத்த பிள்ளை இப்படிக் குழந்தையாகிவிடுவது சாதாரணம். பாட்டிலில் பால் கேட்பாள், மழலை பேசுவாள். கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், தானாகச் சலித்துவிடும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால், மனக் காரணம் என்று நாமே முடிவு செய்யாமல் ஒருமுறை கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்துவிடுவது நல்லது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இரண்டும் இதே மாதிரி காட்டும். ஓயாத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.

இன்னும் சில வாரங்களில் தம்பி கடிக்கத் தொடங்கினாலும் தொடங்குவான், தயாராக இருங்கள். பேச்சு வராத வயதில் பல்தான் பேசும். கடிபட்டவளை முதலில் கவனியுங்கள், பிறகு அவனிடம் “கடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டுவது, வாயில் மிளகாய் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். சண்டையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பதையும் குறையுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே தேவையில்லை, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் இது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஒன்றரை வயதுப் பேரனால் கடிக்கவே முடியாத கோழிக்கால் அவன் தட்டுக்குப் போகும், பேத்தி தட்டில் கழுத்துத் துண்டு விழும். “அவன் ஆம்பளப் பிள்ளை” என்ற சொல்லும் கூடவே வரும். அப்படி நடந்தால், அந்தப் பிள்ளை தம்பியைத் தள்ளுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதை நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். மகன்தான் தன் தாயிடம் சொல்ல வேண்டும். சண்டையாக இல்லாமல் சாப்பாட்டு நேரத்தில், “அம்மா, ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு கால் வைங்க” என்றால் போதும். அவர் சொல்லாவிட்டால், பரிமாறும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாமியாரிடம் உங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் தோட்டத்தில் வளர்ந்தவராகத்தான் இருப்பார். வெள்ளிக்கிழமைக்குப் பூக்கட்டவும், வாசலில் கோலம் போடவும், லயத்துக் கதைகளைச் சொல்லவும் பேத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தம்பி இல்லாமல். பேரன் மேல் உள்ள பாசம் குறையப் போவதில்லை. பேத்தியையும் ஓர் ஆளாகப் பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்கும் இரண்டு வார்த்தை. பத்திய காலத்தில் “அம்மா பச்சை உடம்பு, கிட்ட போகாதே” என்று மூத்த பிள்ளையை விரட்டுகிறோமே, மனத்தாங்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. படுத்த இடத்திலேயே ஒரு பக்கம் மூத்தது வந்து படுத்துக்கொள்ளட்டும். 2023 ஜனவரி முதல் தாய்மாருக்குப் பேறுகால விடுப்பு 98 நாள். தனியார் துறையில் ஒரே முதலாளியிடம் ஒரு வருடமாவது வேலை செய்யும் அப்பாக்களுக்கு ஏழு நாள் விடுப்பு உண்டு, 30 நாளுக்கு முன்பே முதலாளியிடம் சொல்லிவைக்க வேண்டும். அந்த ஏழு நாளையும் அப்பாக்கள் மூத்த பிள்ளைக்கே கொடுங்கள். பிறந்த குழந்தைக்கு அப்போது அம்மாவே போதும்.

தங்கச்சி, உங்களைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. தினமும் அழுகை வருகிறது, தூக்கம் பிடிக்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தாலே கை ஓங்குகிறது என்ற நிலை இருந்தால் தம்பிக்குத் தடுப்பூசி போடப் போகும்போது கிளினிக் மிஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். பிரசவம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். வேறு யாரிடமும் சொல்ல முடியாத நிலை என்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999 இருக்கிறது, எந்த நேரமும் அழைக்கலாம்.

கடைசியாக, கோலகங்சார். அவளை மட்டும் கொஞ்ச நாளைக்கு அங்கே விட்டு வைப்பது வேண்டாம். தம்பி வந்ததால் எனக்கு இந்த வீட்டில் இடமில்லை என்ற பயம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது, இப்போது அனுப்பினால் அதை நாமே உறுதி செய்ததாகிவிடும். பாட்டி வீடு கூடாது என்று சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டு, ஞாயிறு சாயங்காலம் அப்பாவே போய் அழைத்துவரட்டும், வழியில் அவளோடு மட்டும் ஓர் இடத்தில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அடுத்த முறை தம்பி போகட்டும், ஒரு பகல் மட்டும் போதும். அன்றைக்கு அவள் உங்களோடு வீட்டில் இருப்பாள்.